‘முடியாது’ என்று சொல்ல 500 ரூபாய் வாங்கும் கம்ப்யூட்டர் கடை

மதுரை டவுன் ஹால் ரோட்டில், மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியைத் தாண்டியபின், மேலமாசி வீதிக்கு முன்பாகப் பிரிகிற சந்து ஒன்றில் மாடியில் இருக்கிறது இந்தக் கடை. கடையின் பெயரை எழுதக் கூடாது என்று அதை நடத்தும் அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எழுதினால், திருட்டு விண்டோஸ் போட்டுத் தரச் சொல்லி வருகிற கூட்டம் இன்னும் பெருகுமாம்; அவர்களைத் திருப்பி அனுப்பவே பாதிப் பொழுது போய்விடுகிறதாம். ஆகவே பெயர் இல்லாமலேயே எழுதுகிறேன். கோப்புகளைப் பூட்டிவைத்துக்கொண்டு சாவிக்குப் பணம் கேட்கும் ‘பூட்டு வைரஸ்’ புகுந்த லேப்டாப்பில் இருந்து தரவை மீட்டெடுக்கும் வேலைக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன். ஒன்றைக் குறைத்ததற்கான காரணம் கீழே வரும்.

நான் உசிலம்பட்டிக்காரன். கல்யாணம், காதணி விழா, புதுமனைப் புகுவிழா எதுவானாலும் மண்டப வாசலில் மேசை போட்டு, லேப்டாப்பில் மொய் ஏற்றி, கையோடு ரசீது அடித்துக் கொடுப்பது என் தொழில். என் அப்பா நோட்டும் பேனாவுமாகச் செய்ததைத்தான் நான் கீபோர்டில் செய்கிறேன். வெளியூர்க்காரர்கள் மொய் என்றால் அன்பளிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அது வரவும் செலவும். செக்கானூரணியில் இருந்து வந்தவர் இன்றைக்கு ஐயாயிரம் எழுதினால், அவர் வீட்டு விசேஷத்துக்கு அந்த ஐயாயிரத்தோடு மேலே ஏதாவது சேர்த்துக்கொண்டு போய் நிற்க வேண்டும். பத்துப் பதினைந்து வருடம் கழித்து விசேஷம் வைத்தாலும் போய் நிற்க வேண்டும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. சாட்சிக்கு இருப்பது நோட்டு ஒன்றுதான். நோட்டில் பெயர் விடுபட்டால், திருப்பிச் செய்ய வேண்டிய செய்முறை விடுபடும். செய்முறை விடுபட்டால் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடும். என் லேப்டாப்பில் இருந்தவை அந்த நோட்டுகள்.

ஆடியில் எங்களுக்கு மேசை வேலை கிடையாது. ஆனியில் முடிந்த விசேஷங்களின் பட்டியலைச் சரிபார்த்து, அச்சடித்து, அட்டை போட்டுக் கட்டி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் மாதம் அது. ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குமுன் யார் யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா? அந்த ஓய்வில்தான் என்னிடம் வேலை பழகும் என் சொந்த அக்கா மகன் ஃபிளெக்ஸ் வடிவமைக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று, விலை கொடுத்து வாங்க வேண்டிய ஒரு புகைப்பட மென்பொருளை ஏதோ ஓர் இணையதளத்தில் இருந்து ‘கிராக்’ போட்டு இறக்கியிருக்கிறான். நிறுவுமுன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும் என்று அங்கே வழிகாட்டியிருந்தார்களாம். அணைத்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் விண்டோஸ் அப்டேட் ஓடுவதாக ஒரு பெட்டி வந்திருக்கிறது. அப்டேட் நடக்கும்போது லேப்டாப்பை அணைக்கக் கூடாது என்று நான் எப்போதோ திட்டியது நினைவில் இருந்திருக்கிறது. நல்ல பிள்ளையாகக் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்து காத்திருந்திருக்கிறான். அது போலி அப்டேட். திரையில் அதைக் காட்டிக்கொண்டு, பின்னால் ஒவ்வொரு கோப்பாகப் பூட்டிக்கொண்டிருந்தது அந்த வைரஸ்.

நான் வந்து பார்த்தபோது எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் நான்கெழுத்தில் ஒரு வால் முளைத்திருந்தது. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ‘ரீட்மீ’ என்று ஒரு குறிப்பு. சாவி வேண்டுமானால் 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலர். ஆடி மாதம் என்று தெரிந்து திருடனும் தள்ளுபடி போட்டிருக்கிறான் என்று என் மனைவி சொன்னதற்கு அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. லேப்டாப்பில் செருகியபடியே இருந்த பென் டிரைவில் வைத்திருந்த நகலும் அதே வாலோடு இருந்தது.

முதலில் எங்கள் ஊரிலேயே ஒருவரிடம் காட்டினேன். ‘ஃபார்மட் அடித்துவிட்டால் வைரஸ் போய்விடும்’ என்றார். வைரஸ் போகும், சரி, மொய்? அதற்கு அவரிடம் பதில் இல்லை. பிறகு இணையத்தில் தேடி, வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு மீட்பு நிறுவனத்துடன் பேசினேன். நூற்றுக்கு நூறு உத்தரவாதம் என்றார்கள். ஒரு கோப்பை அனுப்பச் சொன்னார்கள். மறுநாளே அதைத் திறந்து சுத்தமாகத் திருப்பி அனுப்பினார்கள். மற்றவற்றுக்கு 65,000 ரூபாய், முழுத்தொகையும் முன்பணமாக. நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்த நேரத்தில்தான், மொய் நோட்டு கட்டித் தரும் சிம்மக்கல் அச்சகத்துக்காரர் இந்த அக்காவிடம் போகச் சொன்னார். “பணம் கட்டுவதற்கு முன்னால் அங்கே ஒரு தடவை திட்டு வாங்கிவிட்டு வாருங்கள்” என்பதுதான் அவர் சொன்ன வாசகம்.

உசிலம்பட்டியில் இருந்து ஆரப்பாளையம் சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துப் பெரியார் நிலையத்தில் இறங்கி நடந்தேன். செங்குத்தான படி; கைப்பிடிக் கம்பி பாதியோடு நின்றுவிடுகிறது. மேலே ஒரே அறை. நீள மேசை, இரண்டு திரைகள், வயர் தொங்கும் சுவர், மூலையில் ஒரு பையன். வாசலில் அட்டையில் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்: ‘சோதனைக் கட்டணம் ரூ.500. முடியாது என்று சொன்னாலும் ரூ.500.’

அந்த அட்டையைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. முடியாததற்கு எதற்குக் காசு? இப்போது கேட்டால், நான் கொடுத்த பணத்திலேயே நியாயமான பணம் அந்த ஐந்நூறு என்பேன்.

லேப்டாப்பை நான் திறக்கப் போனபோது அக்கா தடுத்தார். “தம்பி, ஆன் செய்ய வேண்டாம். நீங்கள் ஆன் செய்து காட்டி எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியப் போவதில்லை.” பின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த டிஸ்கை வெளியே எடுத்து, தன் கணினியில் மாட்டி முழு டிஸ்கையும் அப்படியே நகல் எடுத்தார். வேலை எல்லாம் நகலில்தான். மூல டிஸ்கை உறையில் போட்டு என் கையெழுத்தையும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். என் விண்டோஸ் கடவுச்சொல்லைச் சொல்லப் போனேன். “அதைச் சொல்லாதீர்கள்” என்றார். பெரிய கடைகளில் ரசீதுப் புத்தகத்திலேயே கடவுச்சொல்லை எழுதி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று சொன்ன கடையை இப்போதுதான் பார்த்தேன்.

பிறகு அவர் கேட்டது அந்த மிரட்டல் குறிப்பை. நல்ல வேளை, ஆத்திரத்தில் ஃபோல்டர்களில் இருந்ததையெல்லாம் அழித்த அக்கா மகன் ஒன்றிரண்டை விட்டுவைத்திருந்தான். குறிப்பின் கடைசியில் நீளமாக ஓர் அடையாள எண் இருக்கிறது. அதன் வால் எழுத்துகளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எனக்குப் புரியும்படி அவர் விளக்கியதைச் சொல்கிறேன்.

இந்த வைரஸ் குடும்பத்துக்கு ‘ஸ்டாப்’ என்றும் ‘டிஜேவியூ’ என்றும் பெயர். 2018 முதல் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு, இலவசமாகக் கிராக் தேடும் வீட்டுக் கணினிகளையும் சின்னக் கடைகளையும் குறிவைப்பது இதன் வழக்கம். பூட்டும் நேரத்தில் திருடர்களின் சர்வரோடு தொடர்பு கிடைத்தால் ஒவ்வொரு கணினிக்கும் தனிச் சாவி வாங்கிக்கொள்ளும். தொடர்பு கிடைக்காவிட்டால் தனக்குள்ளேயே இருக்கும் பொதுச் சாவியால் பூட்டும். பொதுச் சாவியால் பூட்டியிருந்தால், அடையாள எண் பெரும்பாலும் ‘டி1’ (t1) என்று முடியும். எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் 2019 அக்டோபரில் இதற்கு இலவசத் திறப்பு நிரல் ஒன்றை வெளியிட்டது. அன்றைக்குத் தெரிந்திருந்த 148 வகைகளுக்கு அது உதவியது. அதற்குப் பின் வந்த வகைகளில், பொதுச் சாவியால் பூட்டப்பட்டு, அந்தச் சாவி அவர்கள் கைக்குக் கிடைத்திருந்தால் மட்டும் திறக்கும். என்னுடையது ‘டி1’ என்று முடியவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டு இணையம் நன்றாக வேலை செய்திருக்கிறது. மாதத்தில் பாதி நாள் படுத்தே கிடக்கும் இணையம்!

“சாவி இல்லாமல் பூட்டைத் திறக்க முடியாது. என்னாலும் முடியாது, யாராலும் முடியாது” என்றார். வேறு மாநில நிறுவனம் ஒரு கோப்பைத் திறந்து காட்டியதே என்று கேட்டேன். குறிப்பைத் திரையில் நிறுத்தி, ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். ஒரு கோப்பை அனுப்பினால் நம்பிக்கைக்காக இலவசமாகத் திறந்து தருவோம் என்று திருடர்களே எழுதியிருக்கிறார்கள். என் கோப்பு அங்கே போய்த் திரும்பி வந்திருக்கலாம். 65,000-இல் 490 டாலர் திருடனுக்கும் மிச்சம் இவர்களுக்கும் போயிருக்கலாம் என்றார். அப்படித்தான் நடந்தது என்று நான் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் எந்த முறையில் திறப்பீர்கள் என்று அவர்களிடம் மறுபடி கேட்டேன். அதன்பின் அவர்கள் என் அழைப்பை எடுக்கவில்லை.

இங்கேயே கும்பிட்டுவிட்டு எழுந்திருப்பேன். அவர்தான் உட்காரச் சொன்னார். “பூட்டைத் திறக்க முடியாது என்றுதானே சொன்னேன். உள்ளே இருப்பதை எடுக்க முடியாது என்று இன்னும் சொல்லவில்லையே.”

இந்தக் கடையின் அருமை இனிமேல்தான். இந்த வைரஸுக்கு அவசரம். ஆயிரக்கணக்கான கோப்புகளையும் முழுதாகப் பூட்ட நேரம் பிடிக்கும். அதற்குள் யாராவது லேப்டாப்பை அணைத்துவிடக்கூடும். அதனால் ஒவ்வொரு கோப்பிலும் தொடக்கத்தில் சுமார் 150 கிலோபைட்டை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுகிறது. தலைப்பகுதி போனதால் எந்த மென்பொருளாலும் அந்தக் கோப்பைத் திறக்க முடியாது. ஆனால் உடல் அப்படியே கிடக்கிறது. என் மொய் மென்பொருள், எல்லா விசேஷங்களையும் ஒரே தரவுக் கோப்பில் சேர்த்து வைக்கும் பழைய பாணி. அந்தக் கோப்பு சுமார் 40 எம்.பி. அதில் 150 கிலோபைட் எவ்வளவு? நோட்டின் முதல் சில பக்கங்கள். அந்தப் பக்கங்களில் இருந்தவையும் நான் இந்த மென்பொருளை வாங்கிய காலத்து விசேஷங்கள். எப்போதோ அச்சாகி, அவரவர் வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருப்பவை.

கோப்பின் உடலை அவர் திரையில் திறந்தபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாக ஒரே குப்பை. இதுவும் பூட்டியதுதானே என்றேன். “இது பாமினி” என்றார். மென்பொருள் எழுதியவர், எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறை பரவுவதற்கு முந்தைய ஆள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில்தான் எல்லாப் பெயர்களும் ஏறியிருக்கின்றன. அக்கா கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வருமுன் அச்சகத்தில் தட்டச்சு செய்தவர். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்து அடித்து, அந்த ஆங்கிலக் குப்பையை நேராகத் தமிழாக வாசிக்கிறார். விரலை வைத்துக்கொண்டு, “முருகன், வாலாந்தூர். பேச்சியம்மாள், எழுமலை. இது உங்கள் ஆட்கள்தானே?” என்று கேட்டார். என் ஆட்கள்தான்.

பெயர் கிடைத்தால் போதாது; தொகை வேண்டும். தொகை எழுத்தாக இல்லாமல் கணினிக்கு மட்டும் புரியும் எண் வடிவில் உட்கார்ந்திருந்தது. என் மென்பொருளை வேறொரு கணினியில் புதிதாகப் போட்டு, பொய்யாகச் சில பெயர்களை ஏற்றி, 101, 501, 1001 என்று தொகை கொடுத்து, அந்தப் புதுக் கோப்பைப் பழைய உடலுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். எந்த இடத்தில் பெயர் முடிகிறது, எத்தனை பைட் தள்ளித் தொகை தொடங்குகிறது, விசேஷ எண் எங்கே என்று ஒரு பழைய டைரித்தாளில் கோடு போட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு மூலையில் இருந்த பையன் ஒரு சிறு நிரலை எழுதினான். அது உடல் முழுவதையும் நக்கிக்கொண்டு போய், பெயர், ஊர், தொகை என்று வரிசையாகக் கொட்டியது. பாமினியை யூனிகோடாக மாற்றுவது அதற்குப் பிறகு.

அப்படிக் கொட்டியதைப் பையன் வேடிக்கையாகச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினான். யாரோ ஒருவர் தாய்மாமன் முறைக்கு எழுதியிருந்த தொகை. அக்கா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “அது அவர்கள் வீட்டுக் கணக்கு. பெயர் சரியாக விழுகிறதா என்று மட்டும் பார்.” மண்டபத்தில் மைக்கில் ஊருக்கே கேட்கும்படி வாசித்த தொகைதான், ஆனாலும் அந்த ஒரு சொல்லுக்காகவே நான் மறுபடி இங்கே வருவேன். வேலை முடிந்ததும் என் டிஸ்கின் நகலை என் கண் முன்னாலேயே அழித்து, அழித்ததாக எழுதியும் கொடுத்தார்.

எல்லாம் வந்துவிட்டதா என்றால் இல்லை. செல்லம்பட்டிப் பக்கம் ஆனியில் ஒரு பெரிய காதணி விழா. கூட்டம் தாங்காது என்று இரண்டு மேசை போட்டோம். இரண்டாவது மேசைக்கு வாடகை லேப்டாப். அதில் ஏறியதை ஒரு சிறு எக்செல் கோப்பாக என் லேப்டாப்புக்கு மாற்றி வைத்திருந்தேன். சேர்த்துவிடுமுன் வைரஸ் வந்துவிட்டது. அந்தக் கோப்பு 150 கிலோபைட்டுக்கும் குறைவு. பெரிய கோப்புக்குத் தலை மட்டும் போயிற்று. சின்னக் கோப்புக்கு அடிமுதல் நுனிவரை எல்லாம் போயிற்று. வாடகை லேப்டாப்பில் அழித்ததை மீட்கலாமா என்று கேட்டேன். “அது ஹார்டு டிஸ்கா, எஸ்எஸ்டியா?” என்றார். எஸ்எஸ்டி. பழைய சுழலும் டிஸ்கில் அழித்தது, மேலே வேறு எதுவும் எழுதப்படாதவரை கிடக்கும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை விண்டோஸே ‘இது காலி’ என்று டிஸ்குக்குச் சொல்லிவிடும். டிஸ்க் தன்பாட்டில் துடைத்துவிடும். “வாடகைக்காரரைத் தேடிப் போகாதீர்கள், பஸ் காசு வீண்” என்றார். இரண்டாவது ‘முடியாது’. இதற்குத் தனியாக ஐந்நூறு கேட்கவில்லை.

அந்த மேசையின் கணக்கை எப்படிச் சேர்த்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விசேஷ வீட்டுக்காரரிடம் நானே நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தவில்லை, அவருடைய அம்மா கத்தினார். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ரசீதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். நாங்கள் கொடுப்பது வெப்பத்தாள் ரசீது. சட்டைப்பையில் வியர்வையும் இஸ்திரிப்பெட்டிச் சூடும் பட்டு, முக்கால்வாசி ரசீதுகள் வெள்ளைத் தாளாகியிருந்தன. கை கொடுத்தது வீடியோக்காரர். மொய்யை மைக்கில் வாசித்தது முழுவதும் அவர் எடுத்த பதிவின் பின்னணியில் ஓடியிருக்கிறது. நாதஸ்வரமும் குழந்தை அழுகையும் ஊடே வர, நானும் மனைவியும் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதினோம். கருமாத்தூர்ப் பக்கம் விருமாண்டி என்ற பெயரில் மட்டும் எத்தனை பேர்! பட்டப்பெயரைச் சேர்த்து வாசித்த மைக்குக்காரர் நன்றாக இருக்கட்டும். ஒன்றிரண்டு பெயர்கள் இன்னும் சந்தேகத்தில்தான் இருக்கின்றன. அந்த வீட்டுக்காரர், எந்த விசேஷத்துக்கு யார் பத்திரிகை வைத்தாலும் உத்தேசமாகக் கூடுதலாகவே எழுதிவிடுகிறேன் என்கிறார். என் பேரில்தான் அந்தச் செலவு.

மீட்டெடுத்ததற்கு அக்கா வாங்கியது 9,000 ரூபாய். சோதனைக் கட்டணம் தனி. முன்பணம் கேட்கவில்லை.

பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு மேலும் 1,500 ரூபாய். இது விருப்பம் இருந்தால் என்று அட்டையில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர் விடுவதில்லை. முதலில் என் செல்பேசியை எடுக்கச் சொன்னார். இந்த வைரஸ் தனியாக வருவதில்லையாம்; பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொற்களைத் திருடும் வேறொரு நிரலையும் பெரும்பாலும் கூட்டிக்கொண்டு வருமாம். ஜிமெயில், வங்கி எல்லாவற்றின் கடவுச்சொல்லையும் அங்கேயே உட்காரவைத்துச் செல்பேசியில் இருந்து மாற்றவைத்தார். பாதிக்கப்பட்ட லேப்டாப்பில் இருந்து மாற்றினால் புதுக் கடவுச்சொல்லும் திருடனுக்குப் போகும். இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டுவிட்டார். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் பதியச் சொன்னார். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும் என்றார். நான் பணம் கட்டாததால் இணையதளப் புகாரோடு நிறுத்திக்கொண்டேன்.

லேப்டாப்பில் விண்டோஸைச் சுத்தமாகத் திரும்பப் போட்டு, அக்கா மகனுக்குத் தனிக் கணக்கு வைத்துக் கொடுத்தார். அதில் அவன் எதையும் நிறுவ முடியாது. நிறுவ வேண்டுமானால் என் கடவுச்சொல் கேட்கும். அவனுக்கு இதில் வருத்தம். மென்பொருள் விற்றவர் எப்போதோ பழுது பார்ப்பதற்காகப் போட்டுவிட்டுப் போன, வேறிடத்தில் இருந்தே லேப்டாப்பை இயக்கவிடும் தொலைநிலை இணைப்பு நிரல் ஒன்று, மாறாத கடவுச்சொல்லோடு உள்ளே உட்கார்ந்திருந்ததையும் காட்டினார். அதன் வழியே யாரும் வரவில்லை, ஆனால் வந்திருக்கலாம். அதையும் எடுத்தாயிற்று. நகலுக்கு இரண்டு வெளி டிஸ்குகள். நகல் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் செருக வேண்டும், எடுத்ததும் கழற்ற வேண்டும், ஒன்று எப்போதும் வேறு வீட்டில் இருக்க வேண்டும். இப்போது ஒன்று என் தங்கை வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது.

விண்டோஸிலேயே இலவசமாக இருக்கும் ஒரு வசதியையும் முடுக்கிவிட்டார். குறிப்பிட்ட ஃபோல்டர்களில் அனுமதி பெற்ற மென்பொருள்கள் மட்டுமே எழுத முடியும் என்று கட்டுப்படுத்துவது. 2017-இன் இறுதியில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பில் இருந்தே இருக்கிறதாம்; ஆனால் நாமாக முடுக்காவிட்டால் தூங்கிக்கொண்டிருக்கும். இதைத் தொழிலில் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வாடிப்பட்டியில் ஒரு கல்யாணத்தில், ரசீது அடிக்கும் நிரலுக்கு அனுமதி கொடுக்க அக்கா விட்டுவிட்டதால், முதல் மொய்யே ஏறாமல் நின்றது. மாப்பிள்ளையின் சித்தப்பா பணத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார், திரையில் ‘தடுக்கப்பட்டது’ என்று வருகிறது. அக்காவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. அக்கா மகன்தான் எங்கேயோ தேடிப் பிடித்து அனுமதி கொடுத்தான்.

குறைத்த நட்சத்திரத்துக்கு வருகிறேன். இவர்கள் போனை எடுப்பதே இல்லை. வேலை எந்த அளவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழி கிடையாது. “முடிந்தால் நானே கூப்பிடுவேன்” என்பதோடு சரி. ஆவணி நெருங்க நெருங்க நான் பட்ட பாட்டுக்கு, ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் என்ன குறைந்துவிடும்? திட்டும் ஜாஸ்தி. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரி ஆசிரியை, ஆராய்ச்சிக் கட்டுரையை ஒரே பென் டிரைவில் வைத்திருந்ததற்காக வாங்கிய திட்டு எனக்கே காது கூசியது. அவர் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வந்திருக்கிறார். அந்த நேரத்தில் வகுப்பு எடுக்க வேண்டுமா? முறையான ரசீது கேட்டு வாங்கவேண்டியிருந்தது. கீழே விழுந்து கடகடவென்று சத்தம் போடும் ஹார்டு டிஸ்கோடு இங்கே வர வேண்டாம். தூசியில்லாத அறையில் வைத்துத் திறக்க வேண்டிய வேலையைத் தன்னால் செய்ய முடியாது என்று அவரே திருப்பி அனுப்பிவிடுவார், ஐந்நூறு வாங்கிக்கொண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் கூட யாரையாவது அனுப்புவது நல்லது.

கிராக் போட்ட மென்பொருள் வேண்டும் என்கிறவர்களுக்கும் இங்கே வேலை இல்லை. நான் இருந்தபோதே ஒரு ஸ்டூடியோக்காரர் வந்து, எல்லோரும் போட்டுத் தருகிறார்கள், நீங்கள் மட்டும் ஏன் என்று சண்டை பிடித்தார். அக்கா பதில் சொல்லாமல் என் லேப்டாப்பில் வாலோடு கிடந்த கோப்புப் பட்டியலை அவர் பக்கம் திருப்பி வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பரவாயில்லை, நான் வேறு இடத்தில் போட்டுக்கொள்கிறேன்” என்று இறங்கிப் போய்விட்டார்.

போகிறவர்களுக்கு: பூட்டு வைரஸ் என்று தெரிந்ததும் இணையத்தைத் துண்டியுங்கள், செருகியிருக்கும் டிஸ்குகளைக் கழற்றுங்கள். மிரட்டல் குறிப்பை அழிக்காதீர்கள், ஃபார்மட் அடிக்க விடாதீர்கள். பூட்டப்படாத பழைய நகல் ஏதாவது, மின்னஞ்சலில் எப்போதோ அனுப்பியதுகூட, இருந்தால் எடுத்துப் போங்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்பார். கடை பதினொரு மணிக்கு மேல்தான் திறக்கிறது. மதியம் இரண்டில் இருந்து மூன்றரை வரை கதவு சாத்தியிருக்கும். தட்ட வேண்டாம். சந்துக்குள் வண்டி நிறுத்த இடம் இல்லை. டவுன் ஹால் ரோட்டிலேயே எங்காவது விட்டுவிட்டு நடந்து போவதுதான் வழி.